எஞ்சின் ஓடும்போது பேசியவர்

காய்ச்சலில் காது போன பிறகு சீராளன் பேசுவதையும் விட்டுவிட்டார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறதென்று அவருக்குப் பிடிபடவில்லை. டீக்கடையில் வாய் திறந்தாலே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எஞ்சின் தட்டுகிற சத்தமும் கேட்காமல், பூ ஏற்றிய வேனை எஞ்சின் இறுகி நிற்கும்வரை ஓட்டிவிட்டார். வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று எழுதிக் காட்டியவரை, மனைவி பவளக்கொடிதான் பிடிவாதமாக ஜமால் பாயின் பட்டறைக்கு அழைத்து வந்தாள். பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பித்து விற்பவர் பாய்.

இரும்புச் சட்டத்தில் தனியாக நின்ற டீசல் எஞ்சினைப் பாய் ஓடவிட்டார். தகரக் கூரை அதிர்ந்தது. "சத்தத்தக் கேளும்மா" என்று அவளிடம் கத்தினார். அவள் கணவரின் கையைப் பிடித்து எஞ்சினின் மேல்மூடியில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மெல்ல நகர்த்தினார். பிறகு, பல மாதங்களுக்கு அப்புறம், வாய் திறந்தார்.

"மூணாவது சிலிண்டர் லேசா இடறுது பாய். மத்தபடி நல்லா இருக்கு."

அங்கே எல்லோரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. சரிசெய்து தருவதாகக் கையைக் காட்டிவிட்டு, பாய் எஞ்சினை நிறுத்தினார்.

மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்த சீராளன் பேச்சை நிறுத்தவில்லை. "ஊருக்குப் போனதும் மொதல்ல வண்டியக் கழுவணும் பவளம். சீட்டையெல்லாம் எலி கடிச்சிருக்கும்."

அடங்கிப்போன பட்டறையில் அந்தக் குரல் தெருவரை போனது. வேலையாட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருக்குக் கேட்காதென்று தெரிந்தும், பவளக்கொடி அதே சத்தத்தில் பதில் சொன்னாள்.

"கழுவிருவோம். தார்ப்பாயும் புதுசா வாங்கணும்."