கோபால் எழுபத்தி நாலு

ஏணியின் மேல் நின்றிருந்த பெயின்டர் ஆரோக்கியசாமி மறுபடியும் கேட்டார்.

"எழுபத்தி நாலா, எண்பத்தி அஞ்சா பாய்? பெயின்ட் காயுது."

ஜியாவுல்லாவுக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

ஆம்பூர் பஜாரில் தோல் மண்டியாக இருந்த மாடியைக் காலி செய்து, கம்ப்யூட்டர் சென்டர் திறக்கிறார். திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். முதலில் சேர்ந்திருப்பது அவருடைய மகள் வஜீதா. பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று சொந்தத்தில் கேட்காத ஆளில்லை. அவள் தோற்றுவிடக் கூடாது.

கற்றுக்கொடுக்கப்போவது கோபால். ஆள் இல்லை, கம்ப்யூட்டர் மொழி. அதில் பழையது எழுபத்தி நாலு, புதியது எண்பத்தி அஞ்சு என்று இரண்டு இருப்பதே, வேலை கேட்டு வந்த இரண்டு பேர் இன்று காலை சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

இருப்பதோ ஒரே வேலை.

ஒருவர் வேதாசலம். நெற்றி நிறையத் திருநீறு. பழையதுதான் என்றார். மெட்ராஸில் எந்த ஆபீசுக்குப் போனாலும் அதுதான் ஓடுகிறது. புதியதைப் படித்த பிள்ளை அங்கே போய்த் திருதிருவென்று முழிக்கும்.

இன்னொருவர் கிரேஸி. கழுத்தில் சிலுவைச் சங்கிலி. புதியதுதான் என்றார். பழையதில் ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறினால் போதும், சம்பளக் கணக்கில் லீவில் இருப்பவனுக்கும் ஓவர்டைம் கொடுத்துவிடும். புதிதாகக் கற்க வருகிற பிள்ளையை அந்தப் பேஜாரில் தள்ளுவது பாவம்.

"சார் படிச்ச காலத்துல எல்லாம் சரிதான்" என்றார் கிரேஸி.

"மேடத்துக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்றார் வேதாசலம்.

மேஜை அதிர்ந்தது. கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறை நழுவி விழுந்தது. தோல் ஏலத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களை ஜியாவுல்லா பார்த்திருக்கிறார். இப்படியொரு சண்டையைப் பார்த்ததில்லை.

கடைசியில் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"உங்க சொந்தப் பொண்ணா இருந்தா இன்னா கத்துக் குடுப்பீங்க? அத்த சொல்லுங்க."

அவர்கள் இருவரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டும்" என்றார்கள், ஒரே மூச்சில்.

இத்தனை விரோதத்துக்கு நடுவிலும் பிள்ளைகளுக்காக உண்மை பேசுகிறார்களே!

ஜியாவுல்லா அங்கேயே முடிவு செய்தார். காலையில் பழையது, சாயங்காலம் புதியது. இரண்டு பேருக்கும் வேலை. ஆரோக்கியசாமி முணுமுணுத்துக்கொண்டே போர்டில் இரண்டையும் நெருக்கி எழுதினார்.

அவர்கள் முகம் கொடுக்காமல் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினார்கள். தெருவில் கைகலப்பு ஆகிவிடப் போகிறது என்று ஜியாவுல்லா ஜன்னலுக்கு ஓடினார்.

கீழே வேதாசலம் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்புவதாக இல்லை. கிரேஸி முந்தானையால் அவர் பிடரி வியர்வையைத் துடைத்துவிட்டார். வண்டி உறுமியதும் பின்னால் ஏறி, தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, வாணியம்பாடியில நான் பழசு, நீங்க புதுசு. மாத்தி உளறிடாதீங்க."

வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறக்கப்போவது ஜியாவுல்லாவின் மச்சான். தன்னை இதுவரை எவனும் ஏமாற்றியதில்லை என்று ஒரு கல்யாணப் பந்தி விடாமல் சொல்கிறவர்.

ஜியாவுல்லா பாய்ந்து வந்து போனை எடுத்தார். மச்சான் வீட்டு நம்பரைச் சுழற்றத் தொடங்கினார்.

பாதியில் விரல் நின்றது.

ரிசீவரைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு, ஆரோக்கியசாமிக்கும் சேர்த்து டீ சொன்னார்.