பாதிப் பாட்டு

"அழிச்சுட்டேன்னு வாய் கூசாம சொல்றியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அலினா போட்ட சத்தத்தில் கடைக்குள் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூடிக் கிடந்த அந்த மளிகைக் கடையைத்தான் ஊரின் நினைவு இல்லமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒன்றாகப் பொருள் வந்து சேர்ந்திருந்தது. புல்தொப்பி, கொம்பு ஊதல், கல்யாணக் கம்பளி, சுரங்க வேலைக்குப் போனவர்களின் தலைவிளக்கு. டீச்சர் புசெலெட்சோ ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டினாள்.

ஆனால் ஊரே காத்திருந்தது மாசெலோவிடம் இருந்த ஒரு கேசட்டுக்காகத்தான்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கத்திலிருந்து அவள் புருஷன் கபேலோ கடிதத்துக்குப் பதிலாக அனுப்பியது. அதில் அவன் கூட்டாளி மொலெஃபி பாடியிருந்தான். வழிநடைப் பாட்டுக் கட்டுவதில் மொலெஃபிக்கு இணையாக லெசோத்தோ மலைகளில் ஆளே கிடையாது என்பார்கள்.

மொலெஃபி, அலினாவின் புருஷன். சுரங்கம் சரிந்து செத்துப்போனான், உடம்புகூடக் கிடைக்கவில்லை என்று ஊருக்கு வந்து சொன்னவன் கபேலோ. இப்போது கபேலோவும் இல்லை. 'அவன் பாட்டு என் வீட்டுப் பெட்டியில பத்திரமா இருக்கு' என்று கபேலோ போதையில் ஒருநாள் உளறியது மட்டும் ஊருக்கு மறக்கவில்லை.

"சர்ச் பாட்டுக்குழு பாட்டைப் பதிய வேற கேசட் கிடைக்கல, அலினா. அது மேலேயே பதிஞ்சுட்டேன்" என்றாள் மாசெலோ, தலையைத் தூக்காமல்.

"கேட்டீங்களா! என் மக வயித்துல இருக்கும்போது போன மனுஷன். அப்பன் குரல் எப்படி இருக்கும்னே அவளுக்குத் தெரியாது. இருந்த ஒண்ணையும் இவ அழிச்சுட்டாளாம்!"

"எல்லாம் வயித்தெரிச்சல்" என்றாள் இன்னொருத்தி. "இவ புருஷன் பாடினா கழுதைகூட நின்னு கேட்காது."

சிரித்தார்கள். மாசெலோ கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

டீச்சருக்கு மட்டும் உறுத்தியது. உடைந்த பொத்தானைக்கூடத் தகர டப்பாவில் போட்டு வைக்கிறவள் மாசெலோ. அவளா அழிப்பாள்?

மறுநாள் காலை டீச்சர் அவள் வீட்டுக்குப் போனாள். மாசெலோ அடுப்பில் சோளக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கேசட்டைக் கொடுங்கம்மா. அழிஞ்சு போனாலும் பரவால்ல, அலமாரியில இருக்கட்டும்."

"வெறும் கேசட் எதுக்கு?"

"சும்மா பார்த்துட்டாவது தரேனே."

மூன்று துணி பிரித்து மாசெலோ எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, மேல் விளிம்புல இந்தப் பிளாஸ்டிக் பல் உடைச்சிருக்கே. இதை உடைச்சுட்டா, மறுபடி எதுவும் பதிய முடியாது. பாட்டு அழியக்கூடாதுன்னுதான் அப்படி உடைப்பாங்க. சர்ச் பாட்டு எப்படி ஏறிச்சு?"

கரண்டி நின்றது. மாசெலோ சிரித்துவிட்டாள்.

"உன்னைப் படிக்க வெச்சது தப்பும்மா."

கதவைச் சாத்தினாள். பெட்டிக்கு அடியிலிருந்து டேப் ரிக்கார்டரை எடுத்து பேட்டரி போட்டாள்.

"முழுசாக் கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு."

'ஆறே, வழி விடு. அக்கரையில என் அம்மா வீட்டுப் புகை தெரியுது...'

அப்படி ஒரு குரல். பாட்டு முடிந்தது. கேசட் இன்னும் கொஞ்சம் ஓடியது. அப்புறம் நின்றது.

கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"ஊரே உங்களைத் திட்டுதேம்மா..."

"திட்டட்டும். திட்டு நாலு நாள்ல போயிடும்."

"இதை எரிச்சிருக்கலாமே?"

"எரிக்கலாம்தான். பாட்டு என்ன பாவம் பண்ணிச்சு?"

டீச்சர் போனை எடுத்தாள். "பாட்டை மட்டும் இதுல எடுத்துக்கலாம்மா."

"பாட்டை மட்டுமா? மீதி வராதா?"

"வராது."

"ஒரு வார்த்தைகூட?"

"வராதும்மா. என்னை நம்புங்க."

மாசெலோ கம்பளி ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா இதுக்குத்தான் எனக்கு வழி தெரியல."

திறப்பு விழா அன்று அந்தப் பாட்டு ஒலித்தது. "கேசட்டுல ஒரு ஓரத்துல கொஞ்சம் மிச்சம் இருந்தது" என்று மட்டும் டீச்சர் சொன்னாள்.

கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கூடவே முணுமுணுத்தார்கள். அலினாவின் மகள் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தொட்டுக்கொண்டே நின்றாள், அப்பாவின் கையைத் தொடுகிற மாதிரி. அலினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாட்டு முடிந்த இடத்தில், மூச்சு இழுக்கிற சத்தத்தோடு சட்டென்று நின்றது.

"அடுத்து என்னவோ சொல்ல வந்தாரே!" அலினா மாசெலோ பக்கம் பாய்ந்தாள். "எனக்குத்தான் ஏதோ சொல்லியிருப்பாரு. அதையில்ல அழிச்சுட்ட, பாவி!"

"தப்புதான் அலினா. மன்னிச்சுடு" என்றாள் மாசெலோ.

டீச்சர் குனிந்து சீட்டில் எழுதினாள்: 'பாடியவர் மொலெஃபி. மீதி அழிந்துவிட்டது.'

அழியாத மீதி அவள் காதிலேயே இருந்தது. முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம் மொலெஃபியின் குரல்: "மாசெலோ, தங்கச்சி, இங்க எனக்கு வேற குடும்பம் ஆயிடுச்சு. இனிமே ஊருக்கு வர மாட்டேன். அலினா கேட்டா, சுரங்கத்துல செத்துட்டேன்னே சொல்லிடுங்க."