அவசரப் பட்டன்

டொக்... டொக்... மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம்.

"வந்துட்டாங்க எங்க அக்கா. டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்க விடியும்போதே போனாங்க" என்றான் தம்பி.

வீட்டுக்கு வந்திருந்த ஆபீஸ் நண்பன் சிரித்துவிட்டான். "டோக்கன் ஆப்பே நம்ம கம்பெனிதானேடா! அதுவும் நீ டிசைன் பண்ணின ஸ்கிரீன். 'அவசர டோக்கன்' எண்ணிக்கை எகிறிடுச்சுன்னு மேனேஜர் உன்னைத் தலைமேல தூக்கி வச்சு ஆடுறார்."

"ஊரே தொடுது. நம்ம வீட்டுல மட்டும் தொட மாட்டாங்க."

அக்கா உள்ளே வந்தாள். வீங்கிய முழங்காலை நீட்டி உட்கார்ந்து, பாதியில் விட்டுப்போன துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"ஏன்க்கா என் மானத்தை வாங்குறே? இந்தக் காலோட வரிசையில நிக்கணுமா? ஒரு விரலை வச்சா முடிஞ்சுது. போனுக்கு அவ்வளவு பயமா?"

"ஒரு தடவை தொட்டேன்டா."

"தொட்டா கடிச்சுதா?" நண்பனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பெரிசா, பச்சையா ஒண்ணு இருந்துச்சு. அதான் டோக்கன்னு நினைச்சுத் தொட்டுட்டேன். அங்க போனா, காய்ச்சல் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு, என்னை முதல்ல கூப்பிடுறாங்க. நான் அவசரம்னு சொன்னேனாம். அந்தப் பொண்ணு பார்த்தா பாரு ஒரு பார்வை... அதுக்கு வரிசையில நிக்கிறதே மேல்."

"அவசரமில்லேன்னா சாதா டோக்கனைத் தொட வேண்டியதுதானே?"

"அது எங்கடா இருக்கு?"

அவள் போனை வாங்கினான். தேடவே இல்லை. விரல் நேராக அடிமூலைக்குப் போய் நின்றது. வெள்ளைத் திரையில் வெளுத்த சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி எழுத்தில் 'சாதா டோக்கன்'.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "அட, ஆமா! இவ்வளவு நாள் கண்ணுலயே படலையே."

நண்பன் காலி டம்ளரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா இதை அப்பவே என்கிட்ட சொல்லலை?" தம்பியின் குரல் இறங்கியிருந்தது.

"உன் கம்பெனியைக் குறை சொல்ற மாதிரி இருக்குமேன்னுதான். பாவம், புதுசா வந்தவங்க யாராவது தெரியாமப் பண்ணியிருப்பாங்க. கொஞ்சம் மேல கொண்டு வரச் சொல்லு."

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஆனா, நாலு பேர் முன்னாடி வச்சுத் திட்டிடாதடா."

போர்வையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். தலை நிமிராமல் பிடித்துக்கொண்டு, அவனும் மடிக்க ஆரம்பித்தான்.