மெஹர் பானு தராத மாத்திரை

"ஏளா மெஹரு, ஒரே ஒரு மாத்திரைதான கேக்கான். உன் கழுத்துச் சங்கிலியைக் கழட்டியா கேட்டான்?"

ஐந்தருவி கார் நிறுத்தத்தில், சாரல் நனைப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் பாத்திமுத்து தன் மூத்த மருமகளை ஏசிக்கொண்டிருந்தாள்.

காருக்குள் இளைய மகன் இத்ரீஸ் நெஞ்சைத் தடவியபடி சாய்ந்து கிடந்தான். துபாயிலிருந்து லீவில் வந்தவன். அருவியில் குளித்த பசியில் புரோட்டாவும் கோழியும் அளவில்லாமல் தின்றுவிட்டான். இப்போது நெஞ்செல்லாம் எரிகிறதாம்.

மெஹர் பானுவின் கைப்பையில் வயிற்று எரிச்சலுக்கான மாத்திரை இருப்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் எப்படி? காலையில் அதைப் போட்டுவிட்டு, "அரை மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பிடணும்" என்று மொத்தக் குடும்பத்தையும் ஓட்டல் வாசலில் காக்க வைத்தவள் ஆயிற்றே!

"இது டாக்டர் எனக்கு எழுதிக் குடுத்தது மாமி. அடுத்தவங்களுக்குக் குடுக்கக்கூடாது."

"அவன் அடுத்தவனா? உன் கொழுந்தன்ளா!"

மெஹர் பானு கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

அவள் கணவன் மசூதுக்கு மானம் போயிற்று. அந்தக் கைப்பையே தம்பி துபாயிலிருந்து மதினிக்கென்று ஆசையாக வாங்கி வந்ததுதான்.

"எடுத்துக் குடேன். ஊருக்குப் போனதும் பெட்டி பெட்டியா வாங்கித் தாரேன்."

"வேண்டாங்க."

"சரி, நீ தர வேண்டாம். அங்கன ஒரு மெடிக்கல் இருக்கு. நான் போய் வாங்கிட்டு வாரேன்."

"அதுவும் வேண்டாம். தென்காசிக்குப் போவோம். டாக்டர் பார்க்கட்டும்."

மசூது தலையில் கை வைத்துக்கொண்டான். "புரோட்டா தின்ன நெஞ்செரிச்சலுக்கு ஆஸ்பத்திரியா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"சும்மா வாயுதான் மதினி," என்றான் இத்ரீஸ் உள்ளிருந்தே. "ஒரு மாத்திரை போட்டா சரியாப் போயிரும்."

மெஹர் பானு குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் குளிர்காற்றிலும் நெற்றி வேர்த்திருந்தது. இத்ரீஸ் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

அவள் விறுவிறுவென்று போய் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"வண்டியை எடுங்க. எடுக்கலைன்னா ஆட்டோ பிடிச்சுத் தம்பியை நானே கூட்டிட்டுப் போயிருவேன்."

சீசன் கூட்டம். கார் ஊர்ந்தது. பாத்திமுத்துவின் வாய் மட்டும் நிற்காமல் ஓடியது.

"வருசத்துக்கு ஒரு சீசன். பிள்ளை ஆசையா வந்தான், கெடுத்துட்டா! எனக்கு சுகர்னு சீனி டப்பாவையே ஒளிச்சு வைக்கிறவ, இவனுக்கா மாத்திரை தருவா?"

"உம்மா, போதும்மா," என்று முனகினான் இத்ரீஸ்.

"நீ பேசாம படுல. இன்னும் அவளுக்கே பரிஞ்சு பேசு!"

தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் இத்ரீஸை உள்ளே கூட்டிப் போனார்கள். மெஹர் பானு கைப்பையைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள்.

"தம்பி கேட்டது இந்த மாத்திரைதான். டாக்டர்கிட்ட காட்டுங்க."

"பார்த்தியால மசூது? சொந்தக்காரனுக்கு ஒண்ணு தர மனசில்ல. யாரோ நர்ஸுக்கு அட்டையோட தூக்கிக் குடுக்கா!"

ஈசிஜி, ரத்தப் பரிசோதனை என்று நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டாக்டர் வெளியே வந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. வயித்து எரிச்சல்தான். மாத்திரை குடுத்திருக்கு. எதுக்கும் இன்னைக்கு இங்கயே இருக்கட்டும்."

அவர் நகர்ந்ததுதான் தாமதம்.

"கேட்டியாளா? வயித்து எரிச்சலாம்! மாத்திரையாம்! இதை அங்கனயே குடுத்திருந்தா, ஒரு பொழுது வீணாப் போயிருக்குமா? பிள்ளையை ஊசியா குத்த விட்டுட்டியே!"

"வீட்டுக்கு வா, பேசிக்கிடுதேன்," என்று மசூதும் பல்லைக் கடித்தான்.

மெஹர் பானுவின் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு இத்ரீஸ் இருந்த அறைக்கு நடந்தாள்.

மூவரும் உள்ளே போனதும் இத்ரீஸ் எழுந்து உட்கார்ந்தான்.

"வெளிய நீங்க போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. மதினியை ஏசாதீங்க உம்மா."

"ஏசாம? மடியில வச்சுக் கொஞ்சவா?"

"உம்மா, போன வருசம் துபாயில எனக்கு ஹார்ட் அட்டாக் வந்துச்சு. ரத்தக் குழாயில ஸ்டென்ட் வச்சிருக்கு. அதுக்குத் தினமும் மாத்திரை போடுதேன்."

பாத்திமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு சுகரோட பிரஷர் வேற. என் பொண்டாட்டி தாய் வீட்டுல பிள்ளைத்தாச்சியா இருக்கா. அதான் யார்கிட்டயும் சொல்லல. ஊருக்கு வந்ததும் நான் மாத்திரை போடுததை மதினி பார்த்துட்டாங்க. மூச்சு விடக்கூடாதுன்னு அவங்ககிட்ட சத்தியம் வாங்கினேன்."

இத்ரீஸ் தொடர்ந்தான்.

"மதினி குடுத்த அட்டையைப் பார்த்துட்டு டாக்டர் என்னைத்தான் ஏசினார். அந்த மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க நான் போடுத மாத்திரையோட வேலையைக் குறைச்சிருமாம். எனக்கு ஒத்துப்போற வேற ஒண்ணு எழுதியிருக்கார். நெஞ்செரிச்சல்னு நாமளா முடிவு பண்ணாம வந்ததும் நல்லதுன்னார்."

பாத்திமுத்து மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினாள்.

"அந்த மாத்திரை இவனுக்கு ஆகாதுன்னு உனக்கு முன்னாலயே தெரியுமாளா?"

"தெரியாது மாமி," என்றாள் மெஹர் பானு. "தெரியாததாலதான் குடுக்கல."