அழுத்துங்க, அத்தான்!

"நல்லா அழுத்துங்க அத்தான்!"

"அழுத்திட்டுத்தான்டா இருக்கேன். இதுக்கு மேல அழுத்தினா பெடல் தரையைப் பொத்துக்கிட்டு வெளியே வந்துடும்."

காருக்குப் பின்னால் குனிந்து நின்ற மைத்துனன் உதட்டைப் பிதுக்கினான். பிரேக் விளக்கு எரியவில்லை.

காலையிலிருந்து இதே கதைதான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சமர்த்தாக ஓடுகிறது. ஆனால் கியர், பார்க்கிங்குக்கான 'பி' என்ற எழுத்தை விட்டு இம்மியும் நகர மாட்டேன் என்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி. பிரேக்கை மிதித்தால்தான் கியரின் பூட்டு திறக்கும். மிதித்த சேதியைக் கொண்டுபோகிற ஸ்விட்ச் செத்திருக்க வேண்டும் என்பது மைத்துனனின் கணிப்பு.

வீட்டில் எது கெட்டாலும் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பவன் அவன். பாதி நேரம் இன்னும் கொஞ்சம் கெடுத்துவிட்டுத்தான் போவான். ஆனாலும் விடுமுறை நாளில், கூப்பிட்ட குரலுக்குத் தூக்கத்தை உதறிவிட்டு வந்தானே! அதை நினைத்தபோது, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

மலைமேல் இருக்கும் கல்லூரி. இன்று மாலைக்குள் மகள் விடுதியில் சேர்ந்தாக வேண்டும். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பெட்டிகள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. வண்டிதான் கிளம்பவில்லை.

"நான் பஸ்ல போயிடறேன்ப்பா."

"சும்மா இரு. உன்னை பஸ்ல ஏத்திவிட்டுட்டு நான் வீட்ல உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்கவா?"

"பஸ் வேணாம். நான் ஓட்டறேனே?" என்றாள் மனைவி.

"ஆபீசுக்கும் கடைக்கும் ஓட்டறது வேற. மலைப்பாதை வேற."

"ஆமாமா, இவர்தான் மலையை வெட்டி ரோடு போட்டவர். முதல்ல ஒரு கால் செருப்பு எங்கேன்னு பாருங்க."

பார்த்தார். வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு வாசற்படியில் குப்புறக் கிடந்தது.

"கிளம்பற பரபரப்புல விட்டுட்டேன் போல," என்றார். மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

மைத்துனன் ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தான். நன்றாக இருந்தது. ஸ்விட்சைக் கழற்றி, துடைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்தான். அதுவும் நன்றாகவே இருந்தது. தலையைச் சொறிந்தான்.

"கியர் பக்கத்துல ஒரு சின்ன மூடி இருக்கு பாருங்க அத்தான். அதுக்குள்ள ஸ்க்ரூடிரைவரை விட்டு அமுக்கினா பூட்டு விட்டுடும். பிரேக் மிதிக்காமலே கியர் மாத்தலாம்."

"அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? அமுக்கு, கிளம்பறோம்."

"மாட்டேன். அது வண்டியை ஓரங்கட்டறதுக்கு மட்டும்தான். பிரேக் லைட் இல்லாம மலைப்பக்கம் போனா, பின்னாடி வர்றவன் நம்ம மேலயே வந்து உட்காருவான்."

"பெரிய ட்ராஃபிக் போலீஸ் இவரு! கொடுடா அதை இப்படி."

மைத்துனன் ஸ்க்ரூடிரைவரைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டான். அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

கடைசியில் மைத்துனன் டார்ச்சை எடுத்துக்கொண்டு, திறந்திருந்த கதவுப் பக்கம் மண்டியிட்டு ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தான். மகளைப் பின்னால் போய் விளக்கைப் பார்க்கச் சொன்னான். அத்தானின் காலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பெடலைக் கையால் அமுக்கினான்.

"எரியுது மாமா!"

"இப்ப நீங்க மிதிங்க அத்தான்."

மிதித்தார்.

"எரியல."

மறுபடி கையால் அமுக்கினான். எரிந்தது. அவர் காலால் மிதித்தார். எரியவில்லை.

"லூஸ் கனெக்‌ஷன்டா. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா?"

கீழே டார்ச் வெளிச்சம் பெடலிலிருந்து அவர் காலுக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. பிறகு மைத்துனன் தலையை வெளியே எடுத்தான். டார்ச்சை அணைக்கக்கூட மறந்திருந்தான்.

"அக்கா, நீ வந்து உட்காரு. பாப்பா, நீயும் ஏறு. அத்தான், நீங்க இறங்கி அந்தப் பக்கம் வாங்க. என் தோளைப் பிடிச்சுக்கோங்க."

"நான் என்ன கிழவனா?" என்று முனகினாலும், பிடித்துக்கொண்டுதான் நடந்துபோய் மறுபக்கத்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததில் கால் மரத்திருந்தது.

மனைவி பிரேக்கை மிதித்தாள். கியர் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

அவர் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினார். "மாப்ளே! சரி பண்ணிட்டியே! கோபத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காத. உனக்கு என்ன வேணும், கேளு!"

"நான் எதையும் சரி பண்ணல அத்தான்." மைத்துனன் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான். "வண்டிக்கு ஒண்ணுமே இல்ல. அழுத்தறேன் அழுத்தறேன்னு நீங்க சொன்னப்பல்லாம் உங்க கால் பெடல் மேல சும்மா கிடந்துச்சு. என் ஆபீஸ்ல ஒருத்தருக்குப் பக்கவாதம் இப்படித்தான் ஆரம்பிச்சுது. உடனே கொண்டுபோனதால பிழைச்சுக்கிட்டார். அக்கா, நேரா ஆஸ்பத்திரிக்கு விடு!"

அவர் குனிந்து, வலது கால் கட்டைவிரலை ஆட்டப் பார்த்தார். அது யாருடைய விரலோ போல அசையாமல் இருந்தது. பின் இருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்த மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, அவளை அந்தக் காலை நம்பி அனுப்ப மாட்டேன் என்று காலையிலிருந்து அடம்பிடித்த வண்டியைக் கையால் மெல்லத் தடவிக்கொடுத்தார்.