கைவிட்ட கார்டு

மாலை போட்ட படத்துக்கு நேர் கீழே அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்டது. திரை மட்டும் கறுப்பு.

“நாப்பது நாளா இப்படித்தான் கெடக்கு,” என்றார் சுருளி. “எம் மக மொகம் இதுக்குள்ளதான் இருக்கு. இன்னைக்குப் படம் வந்தாகணும். முடியலேன்னா முடியலேன்னு சொல்லிட்டுக் கெளம்பு. எதையாச்சும் அழிச்சு வச்சே, ஆனையூரைத் தாண்டிப் போக மாட்ட.”

தல்லாகுளத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராம்கி இப்படிப் பல பேரைப் பார்த்தவன். அண்ணாந்து பார்த்தான். படத்தில் இருபத்திரண்டு வயதுப் பெண். அஸ்வினி. நெற்றியில் சந்தனம் குங்குமம், முன்னால் விளக்கு. கீழே ‘தோற்றம்’ என்று ஒரு தேதி. ‘மறைவு’ என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் இல்லை.

“தேதி விட்டுப்போச்சேய்யா?”

“எழுதுனவனும் கேட்டான். எனக்கு வாய் வரல. நீ வேலையைப் பாரு.”

சுருளியின் மனைவி மாயக்காள், காலண்டருக்குப் பின்னால் எழுதியிருந்த பாஸ்வேர்டைக் காட்டினாள். ராம்கி இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்தியதும், படம் வராவிட்டாலும் கறுப்பில் எழுத்து வந்தது. விண்டோஸ் இல்லை, லினக்ஸ். தானாகவே அப்டேட் ஆகி, எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கெர்னல் புதிதாக ஏறியிருக்கிறது. அதற்கும், திரைக்குப் படம் அனுப்பும் இந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

“கார்டை ஓட்டுறதுக்குன்னு பழைய டிரைவர் சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுப் பாக்கணும். ரொம்பப் பழசுய்யா. செஞ்ச கம்பெனிக்காரனே கைவிட்டுட்டான்.”

“கைவிட்டுட்டா செத்தா போச்சு?” என்று வெடுக்கென்று கேட்டார் சுருளி.

ராம்கி கீபோர்டுக்குத் திரும்பினான்.

“தெனம் காலையில இதுல வந்து நிப்பா தம்பி,” என்றாள் மாயக்காள். “ஒருநா பச்சைச் சேலை, ஒருநா சுடிதாரு. கடைசியா வந்தப்ப மொகம் வெளுத்து, கை காலெல்லாம் வீங்கிப்போயி நின்னா. மறுநா இருட்டாயிருச்சு.”

“நீ சும்மா இரு,” என்று அதட்டினார் சுருளி.

பழைய படங்கள் மாறி மாறி வரும்படி அந்தப் பெண்ணே வைத்துவிட்டுப் போயிருக்கும் என்று ராம்கி நினைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் கடைசிப் படத்தை யார் ஏற்றியது? சாகக் கிடந்தவளா உட்கார்ந்து ஏற்றினாள்? மேற்கொண்டு யோசிக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

டிரைவரைப் போட்டான். பாதியில் நின்றது. மறுபடி போட்டான். அதே இடத்தில் நின்றது. கையை எடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்தான்.

கை எடுத்த பிறகும் திரையில் எழுத்து வந்தது. தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்தில்.

‘புது கெர்னல்ல ஏறாது அண்ணே. ரீஸ்டார்ட் பண்ணி மெனுவுல பழைய கெர்னலை எடுங்க. டிரைவர் என் ஃபோல்டர்ல இருக்கு.’

அனுப்பியவர் பெயர் மேலே இருந்தது. அஸ்வினி.

பட்டப்பகல் மூன்று மணி. தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். ராம்கி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

“யாரோ வெளையாடுறாங்கய்யா,” என்று இன்டர்நெட் வயரைப் பிடுங்கக் குனிந்தான். சுருளி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“அதைத் தொடாத.”

“ஐயா, எறந்தவங்க பேருல எழுத்து வருது!”

“என்ன சொல்லுது?”

“என்ன செய்யணும்னு... சொல்லுது.”

“அப்பச் சொன்னதைச் செய்யி. இந்தப் பெட்டியைப் பத்தி ஒன்னைய விட அவளுக்கு நல்லாத் தெரியும்.”

மாயக்காள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ராம்கி ரீஸ்டார்ட் செய்தான். மெனுவில் பழைய கெர்னல் இருந்தது. சொன்ன இடத்தில் டிரைவரும் இருந்தது. அதைப் போட்டதும் வரி வரியாக ஓடியது, எங்கேயும் நிற்கவில்லை. பக்கத்தில் யாரோ நின்று சரி பார்ப்பதுபோல அவனுக்குக் கழுத்து குறுகுறுத்தது. இந்த வீட்டை விட்டு எப்போது இறங்குவோம் என்றிருந்தது.

இன்னொரு முறை ரீஸ்டார்ட். கறுப்பு. கறுப்பு. பிறகு குப்பென்று வெளிச்சம்.

திரை முழுக்கப் படம். அஸ்வினி இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பச்சைப்பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு.

ராம்கி மாலையைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மூலையில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதை வாய்விட்டுப் படித்தான்.

“‘படம் தெரியுதா அண்ணே? அப்பா பாத்தாரா?’”

சுருளி எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து, திரைக்கு மிக அருகில் குனிந்து நின்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“உசிலம்பட்டிச் சொந்தம் அம்புட்டுக்கும் முன்னால அவளுக்கு உசுரோட மாலை போட்டுத் தலைமுழுகுனவன் நானு, பேசக் கூடாது,” என்றார். “பேரனா பேத்தியான்னு நீ கேளு தம்பி.”