லேஸ் பையில் ஓர் ஓட்டை

"நாகேஸ்வரியக்கா! அக்கா!"

சுதாஜினி ஸ்கூட்டியின் எஞ்சினை நிறுத்தாமலே வேலிப் படலையடியில் நின்று கத்தினாள். தினமும் அந்த வழியால்தான் போவாள். கையைக் காட்டுவதோடு சரி. புளியங்குளம் மாதர் சங்கச் செயலாளருக்கு இறங்கிக் கதைக்க எங்கே நேரம்? இன்றைக்குக் கத்தியதும் அடுத்த கிழமை வவுனியாவில் சங்கத்தின் கைவேலைக் கண்காட்சி என்பதால்தான்.

நாகேஸ்வரி ஊசியும் நூலுமாக ஓடி வந்தாள். முக்கால்வாசி முடிந்த லேஸ் பை கையில் தொங்கியது.

வாங்கிப் பார்த்த சுதாஜினியின் முகம் சுருங்கியது.

"என்னக்கா, அடியில ஒரு ஓட்டை?"

"படத்திலயும் இருக்கு, பிள்ளை."

உண்மைதான். படத்தில் இருந்தது, நூற்றைம்பது வருடத்துக்கு முன் எந்த நாட்டிலோ எவளோ பின்னிய பை. அந்தப் படத்தைக் கொடுத்து, "அச்சொட்டா இப்பிடியே பின்னுங்கோ" என்று சொன்னதும் சுதாஜினியேதான்.

"அதுக்காகப் பிழையையும் பார்த்துப் பின்னுறதோ?"

"பிழை எண்டு சொல்லாதையும். பின்னிக்கொண்டிருக்கேக்க ஆரோ அந்த மனுசியைக் கூப்பிட்டிருக்கினம். அவா திரும்பினதில கண்ணி நழுவியிட்டுது."

"உங்களுக்கென்ன விசரோ? அவிட்டுத் திருத்துங்கோ. இல்லாட்டி உங்கடை பை கண்காட்சிக்கு வராது."

ஸ்கூட்டி பறந்தது.

நாகேஸ்வரிக்குப் புருசன் காலமாகி ஆறு வருடம். ஒரே மகள் பிரான்சில். நேரம் கிடைத்தால் போனில் குரலைப் பதிந்து அனுப்புவாள், இவளும் பதிந்து அனுப்புவாள். தன் பை கண்காட்சிக்குப் போகவேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது சங்கம் முழுக்கத் தெரியும். எப்படியும் திருத்திவிடுவாள் என்றே சுதாஜினி நம்பியிருந்தாள்.

ஐந்தாம் நாள் வந்து பையைப் பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடியில் இருந்த ஓட்டை அப்படியே இருந்தது. போதாததற்கு வாய்ப்பக்கத்தில் இன்னொன்று!

"ஒண்டைத் திருத்தச் சொன்னா ரெண்டாக்கி வைச்சிருக்கிறியள்! இதுவும் படத்தில இருக்கோ?"

"இல்லை, பிள்ளை."

"அப்ப அவிட்டுவிடுங்கோ!"

நாகேஸ்வரி பையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கண்காட்சிக்கு எடுக்காட்டியும் பரவாயில்லை, அவிழ்க்க மாட்டன். கீழ இருக்கிறது அந்த மனுசியை ஆரோ கூப்பிட்ட இடம். மேல இருக்கிறது, அண்டைக்கு நீர் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்ட இடம். ஆறு வருசத்தில இந்தப் படலையில நிண்டு என்னைக் கூப்பிட்டது நீர் ஒராள்தான், பிள்ளை."